சர்க்கரை மயிலும் ஒரு துண்டு கேக்கும்

சர்க்கரையில் செய்த கொக்கு ஒன்றின் கழுத்து உடைந்துபோனதற்காக, சோறு வேண்டாம் என்று அழுது அடம்பிடித்த பிள்ளை நான். கொக்கு எங்கள் வீட்டுக் கொக்குகூட இல்லை. எந்த நாட்டிலோ எவரோ ஒரு வெள்ளைக்காரர் செய்தது. டிவியில் பார்த்தேன்.

அது ஒரு போட்டி நிகழ்ச்சி. சனிக்கிழமை மத்தியானம் வரும். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் தமிழில் பேசுவார்கள். வாய் ஒரு பக்கம் அசையும், பேச்சு ஒரு பக்கம் வரும். கேக் சுடுவார்கள், சர்க்கரையைக் காய்ச்சி இழுத்து, ஊதி, பூவும் பறவையும் செய்வார்கள். அப்பாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. தியாகதுருகம் பக்கத்தில் எங்களுக்குக் கரும்புதான் வெள்ளாமை. வருஷமெல்லாம் கரும்போடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு, சர்க்கரையை வைத்து விளையாடுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். "துன்றத வச்சி பொம்ம செஞ்சிக்கினு கீறானுங்க பாரு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

நானும் சித்தியும்தான் பார்ப்போம். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எலவனாசூர்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த வருஷம் ஒரு பையோடும் ஒரு வட்டத் தகர டப்பாவோடும் எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. அந்த டப்பாதான் அவளுடைய கேக் அச்சு. குக்கரில் உப்பைக் கொட்டி, அதன்மேல் டப்பாவை வைத்து, விசில் போடாமல் மூடிவிடுவாள். நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது கேக் தயாராக இருக்கும். தின்றுகொண்டே வெள்ளைக்காரர்களுக்கு மார்க் போடுவோம். அவள் எனக்குத் துணையாகத்தான் வந்திருக்கிறாள் என்று மனசார நம்பிக்கொண்டிருந்தேன்.

விஷயம் வேறு. கள்ளக்குறிச்சியில் ஒரு பேக்கரியில், கேக்கின் மேல் கிரீமால் பூ வைக்கிற வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். சித்தி போகிறேன் என்றாள். சித்தப்பா தலையாட்டிவிட்டார். ஆனால் சித்தப்பாவின் அப்பா காலமானதிலிருந்து அந்த வீட்டில் மாமியாரின் தம்பி வைத்ததுதான் சட்டம். நம் வீட்டுப் பெண் கடையில் போய் நிற்பதா என்று அவர் குதித்தார். பேச்சு வளர்ந்து, "வேலைதான் வேணும்னா அப்பிடியே போயிடு" என்ற இடத்தில் வந்து நின்றது. சித்தி பையைத் தூக்கிக்கொண்டாள்.

இறுதிப் போட்டி வந்த சனிக்கிழமைதான் அவர்களும் வந்தார்கள். மாமியார், அவர் தம்பி, சித்தப்பா. சித்தி வேலை ஆசையை விட்டுவிட்டு உடனே கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் அன்றோடு அறுத்துக்கொள்வது. அந்த முடிவோடுதான் வந்திருந்தார்கள். எனக்கோ காலையிலிருந்து கரண்ட் இல்லையே என்பதுதான் கவலை.

அம்மா சொம்பில் தண்ணீர் வைத்தாள். சித்தி காலையிலேயே செய்திருந்த கேக்கைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்தாள். யாரும் தொடவில்லை. எங்கள் பக்கம் இப்படிப் பேச வருகிறவர்கள், பேச்சு நல்லபடியாக முடியும்வரை அந்த வீட்டுப் பச்சைத்தண்ணீரைக்கூடக் குடிக்கமாட்டார்கள். கை நனைத்துவிட்டால் உறவை ஒத்துக்கொண்டதாகிவிடும். அப்புறம் வெட்டிக்கொண்டு போக முடியாது. எனக்கு இதெல்லாம் தெரியாது. சித்தியின் கேக்கை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார்கள் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"முடிவா இன்னா சொல்றீங்க?" என்றார் மாமியாரின் தம்பி.

"புள்ள ஆசப்பட்டு ஒரு வேலைக்குப் போனா இன்னாங்க தப்பு?" என்றார் அப்பா. பொம்மை செய்கிறான்கள் என்று திட்டுகிற அதே அப்பா.

"அப்ப உங்க வூட்லயே வச்சிக்கோங்க."

சித்தி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா தரையைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமியார் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் நிறைய வெற்றிலை. திடீரென்று எழுந்து, துப்ப வேண்டும் என்று எனக்குச் சைகை காட்டினார். தோட்டத்துக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துப்பினார். வாயைக் கொப்பளித்தார். போதாது என்று விரலால் பல்லைத் தேய்த்து மறுபடியும் கொப்பளித்தார். ஒரு சொட்டு விழுங்கவில்லை. முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கேக்கு உங்க சித்தி செஞ்சதா?" என்றார்.

"ஆமா. குக்கர்ல" என்றேன் வெடுக்கென்று.

நாங்கள் உள்ளே போய் உட்காரவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. காலையில் கரண்ட் போனபோது ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரும் அணைத்திருக்கவில்லை. அது தானாகப் பேச ஆரம்பித்தது. யாராவது எழுந்து நிறுத்திவிடுவார்களோ என்று நடுங்கினேன். ஒருவரும் எழவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பார்ப்பதற்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது.

திரையில் ஒரு பெண் ஆள் உயரத்துக்குச் சர்க்கரையில் மயில் செய்து முடித்திருந்தாள். உயிர் போகிற இடம் அதற்கப்புறம்தான். செய்ததை நடுவர்களின் மேஜைவரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும். கொக்கின் கழுத்து போனது அந்த நடையில்தான். இரண்டு பேர் மயிலைப் பலகையோடு தூக்கினார்கள். தோகை கிடுகிடுவென்று ஆடியது.

"எங்க தூக்கினு போறாங்க?" என்றார் தம்பி.

"அந்த மேஜைக்கு. உடஞ்சா அவ்ளோதான்" என்றேன்.

அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "மெதுவா, மெதுவா... ஏய், அந்தப் பக்கம் சாயுது பாரு!" என்று வெள்ளைக்காரிக்கு உத்தரவு போட்டார். அப்பா வாயைத் திறந்தபடி இருந்தார். சித்தப்பாகூடத் தலைநிமிர்ந்துவிட்டார். தோகையிலிருந்து ஓர் இறகு கழன்று விழுந்து நொறுங்கியது. ஐயோ என்றோம் எல்லாரும். மயில் மட்டும் எப்படியோ மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது.

"தப்பிச்சிதுக்கா!" என்று தம்பி அக்காவிடம் திரும்பினார். அத்தோடு அவர் முகம் செத்துப்போயிற்று. மாமியாரின் கையில் பாதித் துண்டு கேக் இருந்தது. மீதி வாயில் இருந்தது.

"இன்னாக்கா பண்ணிட்ட?"

அவர் நிதானமாக மென்று விழுங்கினார். "டிவியப் பாத்துக்கினே ஞாபகம் இல்லாம எடுத்துட்டேன்டா."

"கை நனச்சிட்டியேக்கா!"

"இப்ப இன்னா பண்ணச் சொல்ற? துன்னாச்சி. இனிமே உறவு வேணாம்னு எந்த வாயால சொல்றது?" என்றவர் சித்தியைப் பார்த்தார். "ஏம்மா, அந்தக் கடையிலேர்ந்து இருட்டறதுக்குள்ள வூடு வந்து சேர பஸ் இருக்குதா?"

"இருக்குதுங்க அத்த" என்றாள் சித்தி.

தம்பி என்ன செய்வார், பாவம். அவரும் ஒரு துண்டு எடுத்தார். இனிப்பு ஜாஸ்தி என்றார். இன்னொரு துண்டும் எடுத்தார்.

அன்று சாயங்காலமே சித்தி தகர டப்பாவோடு பஸ் ஏறிவிட்டாள். நான் புரண்டு புரண்டு அழுதேன். டிவி பார்த்துக்கொண்டே தின்னாதே என்று என்னை அத்தனை தடவை திட்டுகிறார்களே, ஒரு பெரிய மனுஷி அதையே செய்யப்போய் என் சித்தி கைவிட்டுப் போய்விட்டாளே என்று அந்த மாமியார்மேல் எனக்குத் தீராத கோபம்.

பிறகு அது இரண்டு வீட்டிலும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதையாகிவிட்டது. விசேஷம் எதிலாவது அவர் பந்தியில் உட்கார்ந்தால், "எதிர டிவி இல்ல, தைரியமா சாப்புடுங்க" என்று அப்பா கேலி செய்வார். அவரும் சேர்ந்து சிரிப்பார். மறதிக்காரி என்ற பெயரை அவர் கடைசிவரை மறுக்கவில்லை.

குழாயடியில் பார்த்ததை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன். வெற்றிலை ருசி போகப் பல்லைத் தேய்த்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து யாரும் மறதியாகக் கேக் சாப்பிடமாட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.