பதினொரு தங்கங்கள்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. நுவரெலியாவில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரிக்கு யாரோ ஒரு கணினியை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார்கள். குழந்தைகளின் எடையை அதில் பதிய ஒரு புரோகிராம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நான் எழுதிய முதல் புரோகிராம் அது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். தோட்டத்துக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ற நினைப்பில், அங்கே ஒருமுறைகூடப் போகாமலே எழுதி முடித்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதிவுகள் வந்தன. திறந்து பார்த்தால் பதினொரு குழந்தைகளுக்கு ஒரே பெயர். தங்கம், தங்கம், தங்கம். ஆண் பிள்ளைகளுக்கும் அதுவே. தாய்சேய் நலம் பார்த்துப் பதிவும் செய்யும் மருத்துவ மாதுவின் கவனக்குறைவு என்று எனக்குக் கோபம் வந்தது. அடுத்த கிளினிக் நாளில் பஸ் ஏறினேன்.

தோட்டமே மிஸ்ஸி என்று அழைக்கும் அந்த மருத்துவ மாதுவுக்கு ஐம்பது வயதிருக்கும். தாய்மார் வரிசையில் காத்திருக்க, ஒரு கைக்குழந்தையைத் தராசிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கணினி முன் வந்து உட்கார்ந்தார். ஏன் இத்தனை பேருக்கும் ஒரே பெயர் என்று நான் கேட்டேன்.

"பேரு வைக்காத புள்ளைங்கம்மா அதுங்க. பொறந்து முப்பத்தொண்ணாம் நாளு கழிஞ்சாத்தானே வைப்பாங்க? பேரு அடிக்காட்டி இது அடுத்த எடத்துக்கு விடமாட்டேங்குது. சும்மா ஏ, பீன்னு அடிக்க மனசு வரல. அதான் தங்கம்னு போட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பாப் போச்சுங்களா? எனக்குத்தான் இந்த கம்ப்யூட்டர் சரியா வரல," என்றார்.

மூலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பகல் முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவைச் சேமிக்க கீபோர்டின் இரண்டு கோடியிலும் இருக்கும் விசைகளைச் சேர்த்து அழுத்தவேண்டும் என்று வைத்திருந்தேன். தவறுதலாக அழுத்திவிடக் கூடாது என்பது என் கெட்டித்தனம். மிஸ்ஸியின் ஒரு கையில் எப்போதும் குழந்தை இருந்தது. ஒரு விசையை முழங்கையாலும் மற்றதை விரலாலும் அழுத்தினார். பிசகினால் கணினி கீச்சென்று கத்தியது, சிவப்பு எழுத்தில் ஆங்கிலம் வந்தது. தூங்கிய குழந்தை விழித்து அழுதது.

"எதுக்கு மிஸ்ஸி அது ஏசுது?" என்று ஒரு தாய் பயந்துபோய்க் கேட்டாள்.

"நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்," என்றார் மிஸ்ஸி.

எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். "இல்லங்க மிஸ்ஸி. தப்பு நான் பண்ணினது. உங்க கையில புள்ள இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப இதப் புடிங்க," என்று குழந்தையை என்னிடம் தந்துவிட்டு அடுத்த பிள்ளையை நிறுக்கப் போனார்.

மனிதரும் கணினியும் பழகும் விதத்தைப் பற்றித் தனியாக ஒரு படிப்பே இருக்கிறது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அன்று தெரிந்ததை வைத்து மாற்றினேன். பெயரை வெறுமையாக விடலாம், தாயின் பெயரும் லயமும் போதும். சேமிக்க ஒரே விசை. சத்தம் கிடையாது. திரையில் வருவதெல்லாம் தமிழில். எடை ஏறுவதைக் காட்டும் கோடு ஒன்றையும் சேர்த்தேன்.

மாற்றியதைக் கொண்டுபோன நாளில் மிஸ்ஸி ஒற்றைக் கையாலேயே எல்லாப் பதிவுகளையும் முடித்தார். பிறகு நான் நினைத்தே பார்க்காத ஒன்றைச் செய்தார். கணினித் திரையைத் தாய்மார் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

கொழுந்துச் சாயம் ஏறிய விரலால் ஒருத்தி கண்ணாடி மீது அந்தக் கோட்டைத் தொட்டு, கீழிருந்து மேலே மெல்ல இழுத்துப் பார்த்தாள்.

"இது எம்புள்ளயா மிஸ்ஸி?"

"ஒம்புள்ளதான்," என்றார் மிஸ்ஸி. "போன மாசத்துக்கு இந்த மாசம் எம்புட்டு ஏறியிருக்கான் பாரு."