கழிக்காத நிறை

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "பிள்ளை நிறுக்கிறேன்" என்றுதான் சொல்வேன். ஆராய்ச்சித் தாதி என்று சொன்னால், "அப்படீன்னா?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை கிடையாது.

மாத்தளை ஆஸ்பத்திரியில் எங்கள் வாட்டில் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது. பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் நாள்கணக்காகக் கிடத்தி வைக்காமல், தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படும்படி கட்டிக்கொள்ளச் சொல்வோம். தாய்ப்பால் மட்டும்தான். தேறியதும் சீக்கிரமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். போகும்போது ஒரு சின்னப் பற்றரித் தராசும் ஓர் அட்டையும் கொடுப்போம். தாய் தினமும் காலையில் பிள்ளையை நிறுத்து அட்டையில் எழுத வேண்டும். நான் போன் எடுத்துக் கேட்டு என் கொப்பியில் பதிவேன். ஆய்வு என்றதும் சனங்கள் என்னவோ பெரிதாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் பாதி நேரம் தராசில் பிள்ளைகள் பெய்த மூத்திரத்தைத் துடைப்பதில் போகிறது.

அப்படி அனுப்பிய தாய்மாரில் ஒருத்தி ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். பிறந்தது இரண்டாவது பெண். இரண்டு கிலோ கூட இல்லை. ஆனால் என்ன குரல்! பசித்தால் வாட்டையே எழுப்பிவிடும். எனக்கு அந்தக் குட்டியை ரொம்பப் பிடித்துப் போனது. வேலையில் ஒரு பிள்ளையை மட்டும் தனியாகப் பிடிக்கக்கூடாது, தெரியும். பிடித்துப் போனால் என்ன செய்ய?

தாய்க்கு ஒரே ஓர் ஆசைதான். மூத்தவள் பிறந்தபோது வேறோர் இடத்தில் யாரோ, "உனக்குப் பால் காணாது" என்று சொல்லி, இரண்டாம் நாளே பால்மாப் போத்தலைக் கையில் கொடுத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவர்கள் இருக்கும் லயத்து வீடுகளில் அவளுக்குப் பேரே 'பால் இல்லாதவ'. ஆறு வருடம் அதைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்திருந்தாள். "இவளையாவது நானே பால் குடுத்து வளத்துடணும் மிஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வாட்டில் பாலைப் பீய்ச்சி எடுத்துச் சின்னக் கோப்பையில் அளந்து காட்டினேன். "பாருங்க, நாப்பது மில்லி இருக்கு. யாரு சொன்னது பால் இல்லன்னு?" அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்குப் போகும் அன்று தராசைப் பழக்கிக் கொடுத்தேன். துணியோடு நிறுத்தால் துணியின் நிறையைக் கழித்துவிட்டு எழுதச் சொன்னேன். தலையாட்டினாள்.

முதல் மூன்று நான்கு நாள் நன்றாகத்தான் போனது. பிறகு நிறை நின்றுவிட்டது. ஒரு நாள் பத்து கிராம் கூடும், மறுநாள் இருபது குறையும். மழை விடாமல் பெய்தது, மண் சரிந்து பாதையும் இல்லை, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கும் அந்தப் பக்கத்து மருத்துவமாதுவால் போக முடியவில்லை. நான் தினமும் போனில் கேட்டேன். "குடிக்கிறாளா?" "நல்லாக் குடிக்கிறா மிஸ்." "எத்தனை தரம்?" "ராவைக்கு மட்டும் ஆறு தரம்." ஆறு தரம் குடிக்கிற பிள்ளைக்கு நிறை ஏறவில்லையென்றால் எங்கே போகிறது அந்தப் பால்? சில தாய்மார் பயத்தில் இல்லாததைச் சொல்வதுண்டு. உண்மையைச் சொல்கிறேன், நானும் ஒரு கணம் அவளைச் சந்தேகப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பதினாலாம் நாள் டொக்டர் என் கொப்பியைப் பார்த்தார். எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பான சிங்கள டொக்டர் அவர், தங்கமான மனிதர், பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கறார். "பத்து நாளாக நிறை ஏறவில்லை. நாளைக்கே வாட்டுக்குக் கூப்பிடு. பால்மா தொடங்க வேண்டும்" என்றார். பிழை சொல்ல முடியாது, விதி அதுதான். ஆனால் இன்னொரு தரம் அவள் கையில் போத்தலைக் கொடுத்தால் அவள் உடைந்துபோவாள். நான் ஒரு நாள் தவணை கேட்டேன். முடியாது என்றார். விடுவேனா? சிங்களத்தில் தொடங்கி, கோபம் வந்ததும் தமிழுக்கு மாறி, நான் பேசிய பேச்சில் மனிதர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி, போய்ப் பார். பிள்ளை சோர்ந்து கிடந்தால் கையோடு கூட்டிக்கொண்டு வா. உன் வாய்க்குப் பயந்துதான் விடுகிறேன்."

மறுநாள் வாட்டுத் தராசைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ரத்தோட்டையில் மாறி ஏறியபோது கூட்டம். மடியில் பிள்ளை என்று நினைத்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். மழையில் பச்சைப் பிள்ளையைக் கொண்டு திரிகிறேனே என்று கோபமாகவும் பார்த்தார். நான் திருத்தப் போகவில்லை. துவாயை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மண் சரிந்த இடத்தில் பஸ் நின்றுவிட்டது. மிச்சத்தை நடந்து, சப்பாத்தெல்லாம் சேறாக லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்தவள் பிள்ளையை நெஞ்சோடு கட்டியிருந்தாள். அதன் கன்னத்தைப் பார்த்தேன். அட, நிறை ஏறாத பிள்ளையின் கன்னமா இது! தொடையைத் தொட்டுப் பார்த்தேன். மடிப்பு விழுந்திருந்தது.

"நீங்க எப்படி நிறுக்கிறீங்க? என் முன்னால நிறுத்துக் காட்டுங்க பாப்போம்" என்றேன்.

அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தாள். தராசை மேசையில் நேராக வைத்தாள், பூச்சியம் காட்டும்வரை பொறுத்தாள், பிள்ளையைத் துணியோடு கிடத்தினாள். தராசு காட்டியதைப் பார்த்துவிட்டு, விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடித்து அட்டையில் எழுதியது வேறு எண். கிட்டத்தட்ட முந்நூறு கிராம் குறைவு!

"என்ன கழிச்சீங்க?"

"துணிக்கு மிஸ். நீங்க சொன்னபடி."

"துணி அவ்வளவு பாரமா?"

"துணிக்கு அம்பது. மழைக்குக் காயல இல்லீங்களா, ஈரத்துக்கு இன்னொரு அம்பது. மத்தது பாலுக்கு."

"பாலுக்கா?"

"ராவைக்குக் குடிச்சது வயித்துல தண்ணியாத்தானே இருக்கும். அது புள்ள நிறை இல்லையே. ஒரு தரத்துக்கு நாப்பதுன்னு நீங்கதான் கோப்பையில காட்டுனீங்க. நேத்து ராவைக்கு அஞ்சு தரம் குடிச்சா, இருநூறு கழிக்கணும்ல?"

ஐயோ, என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துத்தானே எழுதுவார்கள்? மழை நாளில் இன்னும் கூடக் கழிப்பார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் பார்த்த நிறுவை அதுதான். நானும் துணிக்குக் கழி என்று சொல்லிவிட்டேன். அவள் யாரையும் ஏமாற்றாமல், ஒரு கிராம் கூட அதிகமாக எழுதிவிடக்கூடாது என்று, பிள்ளை கூடக் கூடக் குடிக்க, கூடக் கூடக் கழித்திருக்கிறாள். தொடக்கத்தில் மழையும் இல்லை, பிள்ளை குடித்ததும் கொஞ்சம், அதனால்தான் முதல் நாள்களில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நானோ மாத்தளையில் உட்கார்ந்துகொண்டு அவளைச் சந்தேகப்பட்டேன்.

வாட்டுத் தராசைத் துவாயிலிருந்து எடுத்துப் பிள்ளையை வெறும் உடம்போடு கிடத்தினேன். குளிர் பட்டதும் என்னைத் திட்டுவதுபோல் ஒரு கத்தல். இரண்டு கிலோ நூற்றுத் தொண்ணூறு.

அவள் தராசையே பார்த்தாள். "இதுல எவ்வளவு கழிக்கணும்?"

"ஒன்னும் கழிக்க வேணாம்."

"பாலுக்கு?"

"பால்தான்டி புள்ள!" மரியாதையெல்லாம் போய்விட்டது எனக்கு. "நீ குடுத்த பால்தான் இப்படிக் கையும் காலுமா ஏறியிருக்கு. அதைப் போய்க் கழிச்சு வச்சிருக்கியே!"

"முழுசா எழுதலாமா?"

"முழுசா எழுது."

பேனையை அழுத்திப் பிடித்து எழுதினாள். நான் வாசலுக்கு வந்து டொக்டருக்குப் போன் எடுத்தேன். கேட்டுவிட்டு நிறையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு சிரித்தார். அந்தத் தாய்க்குத் தன் சார்பில் மன்னிப்புச் சொல்லச் சொன்னார், இனிமேல் துணியைக் கழிக்கிற வேலையே யாருக்கும் வேண்டாம், வெறும் உடம்போடுதான் நிறுக்க வேண்டும் என்றார். எனக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது, மழை என்று சமாளித்தேன்.

உள்ளே திரும்பியபோது அவள் பிள்ளைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்ப பெரியவளுக்கும் எனக்குப் பால் இருந்திருக்குமா மிஸ்?"

நிறுக்காத எதையும் எழுதாதே, தெரியாத எதையும் சொல்லாதே என்றுதான் இந்த வேலையில் எனக்கு முதலில் பழக்கினார்கள். ஆறு வருடத்துக்கு முந்திய பாலுக்கு என் கொப்பியில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை.

"இருந்திச்சு" என்றேன். "நல்லா இருந்திச்சு. உன்னைக் குடுக்கத்தான் விடல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிள்ளையும் பசித்துக் கத்தத் தொடங்கியது. அழுகையை நிறுத்தாமலே அதை எடுத்து மடியில் போட்டுப் பால் கொடுத்தாள்.