விக்கிரவாண்டியில் நின்ற பஸ்

எண்பதுகளில் திண்டிவனம்–விழுப்புரம் பஸ்ஸில் நான் கண்டக்டர். வாரந்தோறும் ஒரு பெரியவர் தனியாக வருவார். பாதி வழியில், “ஒண்ணுக்குப் போவணும், கொஞ்சம் நிறுத்துங்க தம்பி” என்பார்.

ஒருநாள் விக்கிரவாண்டி தாண்டும்போது எரிச்சலோடு விசிலடித்து, “டீயைக் குடிச்சிட்டு ஏறாதீங்கன்னா கேக்குறீங்களா?” என்று கத்தினேன். பஸ்ஸே சிரித்தது.

வெகுநேரம் கழித்து ஏறியவர் என் காதோரம் சொன்னார்: “காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல தம்பி. புராஸ்டேட்ல கேன்சராம். ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கினு இருக்கேன். வூட்ல சொல்லல.”

மறுவாரம் படியோர சீட்டில் என் துண்டைப் போட்டு அவருக்கு இடம் வைத்திருந்தேன். அவர் வரவேயில்லை.

இப்போது எனக்கும் அதே தொல்லை. டாக்டரைப் பார்க்க விழுப்புரம் பஸ்ஸுக்கு நிற்கிறேன். வீட்டில் சொல்லவில்லை. காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை.