கார்களின் தலைமேல் ஒரு படகு

ஹெஸ்டோய் தீவிலிருந்து கரைக்கு ஓடும் ஃபெர்ரியில் எட்டு கார்கள்தான் நிற்கும். பத்தொன்பது வருஷமாக அவற்றை இடம் பார்த்து நிறுத்துகிறவள் தூருன். அந்தச் சனிக்கிழமை எட்டும் ஏறியபின், இழுவண்டியில் துடுப்புப் படகைக் கட்டிக்கொண்டு சிக்ரித் காரில் வந்து சேர்ந்தாள். அவளோடு இன்னும் மூன்று பெண்கள். அக்கரையில் பந்தயம், அடுத்த ஃபெர்ரிக்குக் காத்திருந்தால் அது முடிந்தேவிடும்.

"இடமே இல்லையா, தூருன்?" சிக்ரித் கெஞ்சினாள்.

தூருன் தளத்தை ஒருமுறை பார்த்தாள்.

"காரை இங்கேயே போடு. படகைத் தூக்குங்கடி! கார்களுக்கு மேலேயே வச்சுடலாம்!"

"ஐயோ, என் புதுக் கார்!" என்று அலறினான் மீன்வியாபாரி ஆர்ன்ஃபின்.

"கத்தாதே! உன் கம்பளியை மேலே விரி."

பயணிகளெல்லாம் ஓடிவந்து கை கொடுத்தார்கள். மூன்று கார்களின் கூரைமேல் படகு கவிழ்ந்து உட்கார்ந்தது. தூருன் கயிறுகளை இழுத்துக் கட்டி, முடிச்சுகளை இரண்டு தடவை சரிபார்த்தாள்.

"நான் ஃபெர்ரி ஓட்டுறேனா, படகு சுமக்குறேனா?" மேலிருந்து சிரித்தார் கேப்டன் ஓட்வார்.

"ரெண்டும்தான். கிளப்புங்க!"

மதியம் தீவுக்குத் திரும்பும்போது நடுக்கடலில் தூருனின் போன் அடித்தது. "ஜெயிச்சுட்டோம்!" என்று சிக்ரித் அழுதாள். தூருன் கத்திய கத்தலில் விஷயம் புரிந்து, ஓட்வார் தீவு வரும்வரை ஃபெர்ரியின் சங்கை ஊதிக்கொண்டே வந்தார்.