சுகுணா கோலாலம்பூருக்குப் போகாத கதை

ஞாயிறு அறிவியல் பக்கம் எழுதிய சுகுணா பெரிய பெயர் எடுப்பாள், நம்மையெல்லாம் முந்திக்கொண்டு போயும் விடுவாள் என்று நான் எப்போதோ சொல்லியாயிற்று. அவளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்த தாய்மாமன் நான். ஊசி ஏறியதும் அழாமல், "இது எதால செஞ்சது?" என்று ஆசாரியைக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஒரு வயது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

புக்கிட் மெர்தாஜாம் ஆஸ்பத்திரியிலிருந்து பக்கத்துக் காப்பிக் கடைக்குப் போன் வந்தபோது, ஆயர் ஈத்தாம் சந்தையில் என் கடையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சுகுணா போய்விட்டாள் என்ற செய்தியைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்து மீன்கடை முதலாளி, சீனத் தவுக்கேதான் வந்து மிஷினை நிறுத்தினார்.

உங்களில் பலருக்கு அவளை இந்தப் பத்திரிகையில்தான் தெரியும். அதற்கு முந்தியதை நான் சொன்னால்தான் உண்டு. எழுபதுகளின் கடைசியில் பௌதிகத்தில் பட்டம் வாங்கினாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். ஐந்தாம் வகுப்போடு நான் நிற்காமல் இருந்திருந்தால் அது இரண்டாவதாக இருந்திருக்கும். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஒரு வருடத்தில் கோலாலம்பூரிலிருந்து கடிதம். ஒரு தமிழ்ப் பத்திரிகை வாரந்தோறும் அறிவியல் பக்கம் போடப்போகிறது, முழுநேர வேலை, ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கடிதத்தோடு நேரே என் கடைக்கு வந்தாள்.

"மாமா, அப்பாகிட்ட நீங்க பேசுங்க. நான் கேட்டா, பொண்ணு கே.எல்.ல தனியாவான்னு பயந்துருவாரு. தாய்மாமன் சொன்னா தட்டமாட்டாரு."

"பேசுறது என்ன, முடிச்சே குடுக்கிறேன் லா. நீ போய்ப் பெட்டியக் கட்டு."

அவள் அப்பா, என் அக்காவின் கணவர், துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. நாலு பேர் மனு எழுதி வாங்க வரும் மனிதர். அந்த ஞாயிறே போனேன். மேசையைத் தட்டிக் கேட்டேன். "படிச்ச புள்ளைய மிஷினுக்குக் காவல் வச்சிருக்கீங்களே அத்தான், நியாயமா?" அவர் எழுந்து நின்று, "என் பொண்ணு விஷயத்துல நீ தலையிடாத!" என்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. நானும் விடவில்லை. ஆனால் பெற்றவர் முடியாது என்ற பிறகு என்ன செய்ய?

சுகுணாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "மறுபடி அவர்கிட்ட இந்தப் பேச்ச எடுக்காதம்மா, கொதிப்பு ஏறிரும்" என்றும் சொன்னேன். அவள் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"பரவால்ல மாமா. நீங்களாவது கேட்டீங்களே."

பிறகு எட்டு வருடம் தொழிற்சாலை. வீட்டில் அப்பாவோடு சாப்பாடு, மருந்து தவிர வேறு பேச்சில்லை. முப்பத்திரண்டு வயதில்தான் யாரையும் கேட்காமல் வேலையை விட்டாள். வேறொரு பத்திரிகைக்கு, அதாவது இதற்கு, வீட்டிலிருந்தே எழுதத் தொடங்கினாள்.

எழுதியதை என் கடையில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவாள். ஆணி மூழ்கும்போது இரும்பு ஃபெரிக் கப்பல் எப்படி மிதக்கிறது என்று ஒருநாள் வாசித்தாள். நான் தலையாட்டினேன்.

"தலையாட்டாதீங்க மாமா. திருப்பிச் சொல்லுங்க."

"ஃபெரிக்கு லைசென்ஸ் இருக்கு. ஆணிக்கு இல்ல."

அவள் சிரிக்கவில்லை. என் காலிப் பால்டின்னை எடுத்துத் தவுக்கேயின் மீன்தொட்டியில் மிதக்கவிட்டாள். பிறகு அதைக் காலால் மிதித்துத் தட்டையாக்கிப் போட்டாள். மூழ்கியது.

"அதே தகரம்தான். இப்ப அது ஒதுக்குற தண்ணி குறைஞ்சுபோச்சு."

வாசித்த தாள்களை அடித்துவிட்டு, பால்டின்னிலிருந்து புதிதாக எழுதினாள். "புரியலன்னு சொல்ற ஆளுதான் எனக்கு வேணும் மாமா. புரிஞ்ச மாதிரி நடிக்கிற ஆளு வேணாம்" என்றாள். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஃபெரி கேப்டனே என் கடைக்கு வந்து தேங்காய் வாங்கினார். அவ்வளவுதான் சொல்வேன், அது போதும்.

பத்து வருடம் எழுதினாள். போன மாதம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுத இன்னும் எவ்வளவோ இருக்கு மாமா. அந்த எட்டு வருஷம் எனக்குக் கிடைச்சிருந்தா... அப்பா மேல கோபம் போகவே மாட்டேங்குது."

நான் கையை எடுத்துக்கொண்டு ஆரஞ்சுத் தோலை உரிக்கத் தொடங்கினேன். உரித்து முடித்த பிறகும் நிமிரவில்லை.

இறுதிச் சடங்கன்று அவள் பக்கத்தைப் படித்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அத்தான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார். "கடைசி வரைக்கும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசலியே தம்பி. நான் என்ன செஞ்சேன்?"

மேசையைத் தட்டியது, தெரு கூடியது, அவர் கத்தியது எல்லாம் என் கைச்சரக்கு. அந்த ஞாயிறு அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னைத் தனக்குச் சமமாக உட்காரவைத்தார். அதுவரை அப்படிச் செய்ததில்லை. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. படித்தவர் முன்னால் வாயும் வரவில்லை. மழையைப் பற்றிப் பேசினேன், தேநீர் குடித்தேன், எழுந்தேன். "வந்த விஷயம் என்ன தம்பி?" என்று வாசல் வரை வந்து கேட்டார். "சும்மாதான் அத்தான்" என்றேன்.

அவள் கட்டுரைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய கோபம் எனக்கு வரவேண்டியது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். அத்தான் இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர். அத்தான், அவள் போவதை நீங்கள் தடுக்கவில்லை. உங்களிடம் யாரும் கேட்கவே இல்லை.