பாடு தவறிய பிற்பகல்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். காலையில் பெய்த மழை விட்டிருந்தது. வானம் மூடிக் கிடந்தது. வாடைக் காற்றில் என் முழங்கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன.

அன்று ஏரியில் எங்கள் வீட்டுப் பாடு. இறால் வலை கட்டும் இடங்களுக்கு எங்கள் ஊரில் முறை உண்டு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். முறைக்குரிய வீட்டு ஆள் ஒருவர் கோயில் முன் நின்று ‘இருக்கேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அமாவாசைக்கு மறுநாள், முகத்துவாரம் திறந்திருக்கிறது, இறால் ஓடும் நேரம். இதை விட்டால் தம்பிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

தம்பி தன் மனைவிக்கு ஸ்கேன் எடுக்கப் பொன்னேரிக்குப் போயிருந்தான். பஸ் ஏறும்போது என்னிடம், “நீ போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுணா, போதும்” என்றான். எந்த நேரத்துக்குக் கூப்பிடுவார்கள் என்பது நீரோட்டத்தைப் பொறுத்தது. கோயில் வீட்டிலிருந்து நானூறு காலடி தூரம். அங்கே நின்று காத்திருக்க என் கால் இடம் கொடுக்காது. அதனால் தம்பியோடு சேர்ந்து வலை கட்டும் அவன் மச்சான் கோயிலில் இருந்து போன் செய்வதாகவும், நான் உடனே கிளம்புவதாகவும் ஏற்பாடு. அவனே சொல்ல முடியாது. அவன் பெண் கொடுத்த வீட்டு ஆள்.

போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அதுதான் வினையாயிற்று. மகள் புதிது வாங்கியபோது எனக்குத் தந்த பழைய போன் அது. அதில் ஓர் ஆட்டம் இருந்தது. ஒருவன் காட்டுக்குள் ஓடுகிறான், பின்னால் புலி வருகிறது. விரலை மேலே தள்ளினால் தாவுவான், கீழே இழுத்தால் குனிவான். வழியில் தங்கக் காசுகள் கிடக்கும். அவன் எங்கும் போய்ச் சேர மாட்டான், சாகும் வரை ஓடுவான். ஓய்வு பெற்றபின் நான் பழகிய ஒரே வேலை இது. பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நிறுத்தினால் முழங்கால் நினைவுக்கு வருகிறது.

அன்று நன்றாக ஓடினான். மூவாயிரம் மீட்டர் தாண்டியதும் திரையின் உச்சியில் ஏதோ பட்டை வந்து மறைத்தது. எதிரே பள்ளம். மேலே தள்ளினேன். அவன் தாவினான், பட்டையும் போயிற்று. கொஞ்சம் பொறுத்து மறுபடி வந்தது, மறுபடி தள்ளினேன். மூன்றாம் முறை எரிச்சலோடு தள்ளினேன். மணி அடித்திருந்தால் கேட்டிருக்கும். ஆட்டத்தின் கொட்டுச் சத்தம் பிடிக்காமல் போனின் ஒலியையே நான் அடைத்து வைத்திருந்தேன்.

மச்சான் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான்.

“உசுரோட கீறியான்னு பாக்க வந்தேன் மாமா. மூணு வாட்டி போன் போட்டேன், மூணு வாட்டியும் கட் பண்ற!”

“நான் எங்கடா கட் பண்ணேன்?”

என் கையிலிருந்த திரையை எட்டிப் பார்த்தான். “பின்ன யாரு, இந்தப் புலியா?”

பாடு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. நான் கோயில் வரை போய்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். “உனக்குத் தெரியாத முறையா?” என்றார்கள். தெரியும்.

தம்பி ஆறு மணி பஸ்ஸில் வந்தான். மச்சான் வழியிலேயே சொல்லிவிட்டான் போலும். கால் கழுவிக்கொண்டே கேட்டான்: “எவ்ளோ தூரம் ஓடுனணா?”

“நாலாயிரத்து முந்நூறு மீட்டர்.”

“ஏரிக்கே போய்ட்டு வந்துருக்கலாம்.”

வலையை எடுத்து மறுபடி பரணில் போட்டான். அவன் திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மறுநாள் ஏலக் கொட்டகைக்கு நானே போனேன். அடுத்த வீட்டுக்காரன் இருபத்தாறு கிலோ வெள்ளை இறால் கொண்டுவந்திருந்தான். கிலோ நானூற்று இருபதுக்குப் போயிற்று. அதிலிருந்து ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் முந்நூற்று இருபது கழித்து, மீதியைப் பென்ஷன் பணத்திலிருந்து எடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன். அவனும் மச்சானும் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளட்டும் என்றேன். தம்பி எண்ணிப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தான்.

“ஐஸு காசக் கூடவா புடிச்சிகின? போடாத ஐஸுக்கு இன்னாணா கணக்கு?”

உள்ளே போய் அந்த முந்நூற்று இருபதையும் எடுத்து வந்து வைத்தேன். ஆகமொத்தம் பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ரூபாய்.