வெறுங்கையோடு வந்த அண்ணன்

என் தங்கையின் கணவர் மல்லாட்டைக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த நிலத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் போய்ச் சேர்ந்துவிட்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. நான் அப்போது குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். பாஸ்போர்ட் முதலாளியின் இரும்பு அலமாரியில் இருந்தது. சாவுக்குப் போக முடியவில்லை. கெஞ்சிக் கூத்தாடிக் கருமாதிக்கு மட்டும் லீவு வாங்கினேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் தங்கை போன் செய்தாள். வீட்டுக்குப் பின்னால் நின்று பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"அண்ணா, எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு. நீ வந்து நின்னு வேணாம்னு சொல்லு. நான் சொன்னா இங்க எடுபடாது."

"எது வேணாம்?"

"எல்லாந்தான். கை நெறைய வளையல் போட்டு, தல நெறைய பூ வெச்சி, ஊரே பாக்க உக்கார வெச்சி, அப்புறம் ஒண்ணொண்ணா ஒடைப்பாங்க, பிச்சிப் போடுவாங்க. எங்க மாமியாருக்கு அப்படித்தான் பண்ணாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். என்னால முடியாதுண்ணா. நான் மறுபடியும் பஸ் ஏறி மயிலத்துக்கு வேலைக்குப் போவணும்."

மயிலத்தில் ஒரு கல்லூரி ஆபீஸில் அவளுக்கு வேலை. நான் சரி என்றேன். வேறென்ன சொல்வது?

எங்கள் பக்கத்தில் கருமாதியன்று தாலியைக் கழற்றி வாங்கியதும் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரும் புதுப் புடவையைப் போர்த்துவார்கள். அதற்குக் கோடி என்று பெயர். போட வேண்டியவன் கூடப் பிறந்தவன். அவன் வராவிட்டால் பங்காளி முறையில் ஒரு அண்ணனோ தம்பியோ போடலாம். கோடி போட ஆள் நிற்காமல் தாலியிலோ வளையலிலோ கை வைக்க மாட்டார்கள். போட்டால் காரியம் முடிந்தது. பிறகு அந்தப் பெண் பூவையும் பொட்டையும் மறந்துவிட வேண்டியதுதான்.

அவளுடைய கணவரின் பெரியப்பாதான் அந்த வீட்டுக்குப் பெரியவர். அவரும் போனில் பேசினார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் எதிர்த்துப் பேச வராது.

"ஞாயித்துக்கெழம நாலரைக்கு ராகு காலம் வந்துடும் தம்பி. அதுக்கு முன்னாடி முடிச்சிடணும். நீ வந்துட்டா நல்லது. ஃபிளைட்டு லேட்டாச்சின்னா பேஜாரு ஒண்ணும் இல்ல, உங்க பெரியப்பன் புள்ள இருக்கான், அவன் கோடியப் போட்டுட்டுப் போறான்."

ஆக, நான் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் என் இடத்தில் இன்னொருவன் நிற்பான். தங்கை உட்கார்ந்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்றால், அன்று சாயங்காலமே இந்தியக் கடைக்குப் போய் ஒரு கோடிப் புடவை வாங்கினேன். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். சபையில் நின்றால் என் வாய் என்ன சொல்லும் என்று எனக்கே நிச்சயமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி அட்டைப் பெட்டியில் வைத்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறையில் நாங்கள் எட்டுப் பேர். கல்ப்பிலிருந்து ஒருவன் ஊருக்குப் போகிறான் என்றால் அவன் எதற்குப் போகிறான் என்று யாரும் பார்ப்பதில்லை. துக்கத்தை ஒரு பக்கம் விசாரித்துக்கொண்டே இன்னொரு பக்கம் பொட்டலத்தை நீட்டுவார்கள். ஒருவர் எங்கள் பக்கத்து அனந்தபுரத்தில் இருக்கும் தன் மகளுக்குப் பால் பவுடர் கொடுத்தார். ஒருவர் கம்பளி கொடுத்தார். பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியதும் அவர்கள்தான். இழவுக்குப் போகிறவன் கல்யாணச் சீர் கொண்டுபோகிற மாதிரி கிளம்பினேன்.

பம்பாயில் இறங்கிச் சென்னைக்கு வேறு விமானம் மாற வேண்டும். இடையில் மூன்று மணி நேரம் இருக்கிறது, டீ குடித்துக்கொண்டே மாறலாம் என்று டிராவல்ஸ்காரன் சொன்னான். குவைத்திலேயே விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமானது. இந்தியாவுக்குள் முதலில் எங்கே இறங்குகிறோமோ அங்கேயே இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் மூன்றையும் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு உள்ளூர் விமானம் புறப்படும் இடத்துக்குச் சாலை வழியாகப் போக வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொன்னது விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அவர் இரண்டு முறை அப்படி விமானத்தைத் தவறவிட்டவராம். நல்ல துணை கிடைத்தது போங்கள்.

இமிக்ரேஷன் வரிசை நகரவே இல்லை. முன்னால் நின்றவர்களிடம் "எங்க வூட்ல சாவு" என்று தமிழிலும் எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியிலும் சொன்னேன். சிலர் வழி விட்டார்கள். சிலர், இதைப் போல எத்தனை சாவு பார்த்திருக்கிறோம் என்பதுபோல் பார்த்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒருவழியாக முத்திரை வாங்கிப் பெட்டி வரும் பெல்ட்டுக்கு ஓடினேன்.

பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோர் பெட்டியும் வந்தது, என்னுடையது வரவில்லை. தங்கைக்குப் போன் செய்தேன். எடுத்தாள். பின்னால் பெண்கள் ஒப்பாரி வைக்கும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவில், "வளையல்காரர் வந்துட்டாருண்ணா," என்றாள்.

"நான் பம்பாய் வந்துட்டேம்மா. வந்துக்கினே இருக்கேன்."

"ஜல்தி வா."

அவ்வளவுதான் பேசினாள். நான் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டிக்குள் ஏழு பேருடைய பொருள் இருந்தது, கோடிப் புடவையும் இருந்தது. அதைப் போடவே கூடாது என்று சொல்லப் போகிறவன் எதற்காக அதற்குக் காத்துக்கொண்டு நிற்கிறேன் என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. சொல்லப்போனால், அவள் கேட்டதைச் செய்வது என்று நான் உண்மையாகவே முடிவெடுத்தது அந்த இடத்தில்தான். பெட்டியை விட்டுவிட்டு நடந்தேன். ரூம்காரர்களின் பொருளெல்லாம் பத்து நாள் கழித்துப் பத்திரமாகக் கிடைத்தது. அதற்குள் நான் வாங்கிய திட்டு தனி.

கஸ்டம்ஸில் பிடித்துக்கொண்டார்கள். பெட்டி நிறையக் கொண்டுவந்தால்தான் பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கல்ப்பிலிருந்து கைப்பை மட்டும் மாட்டிக்கொண்டு ஒருவன் ஓடி வந்தால் அவன் தங்கத்தை உடம்பில் ஒளித்திருப்பான் என்பது அவர்கள் கணக்கு. சாமான் எங்கே என்று ஒரு அதிகாரி கேட்டார். விட்டுவிட்டேன் என்றேன். எந்த மடையன் விடுவான் என்பதுபோல் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார், பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். "பஹன் கா ஆத்மி மர் கயா," தங்கை புருஷன் செத்துவிட்டார் என்று இந்தியில் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மைத்துனர் செத்துப் பதினைந்து நாளில் நான் அழுதது அப்போதுதான், அதுவும் அவிழ்கிற பேண்டை இடுப்பில் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் எதிரில். அவர் என் செருப்பைக் காலாலேயே என் பக்கம் தள்ளிவிட்டுப் போகச் சொன்னார்.

ஆட்டோ பிடித்து அடுத்த இடத்துக்குப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். லக்கேஜ் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். லக்கேஜ் ஏற்றுவது முடிந்துவிட்டது, இருந்திருந்தால் உங்களை அனுப்பியிருக்க முடியாது என்று சொல்லிச் சீட்டைக் கொடுத்தாள். கடைசி ஆளாக ஏறினேன்.

சென்னையில் இறங்கியதும் வாடகைக் கார் எடுத்தேன். திண்டிவனம் வந்தபோது மணி மூன்றரை. காரியத்துக்குப் போகிறேன் என்று டிரைவரிடம் சொல்லியிருந்தேன். அவரும் அந்தப் பக்கத்து ஆள்தான். கடைத்தெருவைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"கோடி வாங்கலீங்களா? இங்க வுட்டா அப்புறம் கடை இல்லீங்க."

"வேணாம். போங்க."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கூடப் பிறந்தவன் கோடி இல்லாமல் போகிறான் என்றால் இரண்டு குடும்பத்துக்கும் தீராத பகை என்று நினைத்திருப்பார்.

பந்தலில் ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. தங்கையை நடுவில் பலகைமேல் உட்கார வைத்திருந்தார்கள். கை நிறையப் பச்சையும் சிவப்புமாக வளையல், தலை கொள்ளாத பூ. கல்யாணத்தன்றுகூட அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. என் பெரியப்பா மகன் தாம்பாளத்தில் புடவையோடு பக்கத்தில் நின்றான். என்னைப் பார்த்ததும் நிம்மதியாக ஓரடி தள்ளிக்கொண்டான்.

"வந்துட்டியா தம்பி. கோடி எங்க?" என்றார் பெரியவர்.

"கொண்டாரல மாமா."

"பரவால்ல, தோ இருக்குது. எடுத்துப் போடு."

"போட மாட்டேன். அவ மேல யாரும் கை வைக்க வேணாம்."

வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்த நியாயங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பட்டணம் பார்த்தவன் பேச்சைப் பார் என்றது ஒரு குரல். யாரோ பெரியப்பா மகனையே போடச் சொன்னார்கள். பெரியவர் அவனைக் கையமர்த்தினார்.

"அவன் வரலன்னாதான் இவன் போடலாம். பொறந்தவன் வந்து நின்னுக்கினு மாட்டேன்றான். அவன மீறிப் போடற மொற நம்ம கிட்ட இல்ல," என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

தங்கையின் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு என் முன்னால் வந்தாள். "எம் புள்ள செத்ததுக்கு ஒரு அடையாளம் கூட இல்லாமப் பண்ணிட்டியே. அவன் என்னா பாவம் பண்ணான்?" என்று கேட்டாள். பிறகு தங்கையிடம் திரும்பி, "நீயாவது சொல்லுடி. அவன் போன அன்னிக்கிகூட ஒரு சொட்டுத் தண்ணி வரலியே உன் கண்ணுல," என்றாள்.

தங்கை பலகையிலிருந்து எழுந்தாள். வளையல்களை ஒவ்வொன்றாகத் தானே கழற்றி, உடையாமல் பலகைமேல் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. கடைசி வளையலைக் கழற்றும்போது அவளுடைய கை நின்றது. அப்படியே மாமியாரின் காலடியில் உட்கார்ந்து, அந்த அம்மாவின் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கணவர் பெயரைச் சொல்லி ஓங்கி அழ ஆரம்பித்தாள். மாமியார் அவள் முதுகின்மேல் கவிழ்ந்துகொண்டாள். அத்தனை நாளும் தங்கை இந்தச் சடங்குக்குப் பயந்துகொண்டு மட்டுமே இருந்திருக்கிறாள். புருஷனுக்காக அழ அவளுக்கு அன்றைக்குத்தான் முடிந்தது.